கோட்பாட்டை விட்டு ஆஃபர் லெட்டரைப் படியுங்கள்

பெரிய டெக் கம்பெனியில் வேலை உறுதியானதும் நம் பிள்ளைகளுக்கு நாலாபக்கமிருந்தும் ஒரே அறிவுரைதான் வருகிறது: "அங்க கல்ச்சர் வேற மாதிரி இருக்கும். போறதுக்கு முன்னாடியே உன்னை அதுக்கு மாத்திக்கோ." சேரும் தேதிக்கு ஒரு மாதம் இருந்தால், கம்பெனியின் கோட்பாடுகளைப் படிப்பதிலும் தலைவர்களின் பேட்டிகளைப் பார்ப்பதிலும் அவர்கள் புழங்கும் சொற்களைப் பழகுவதிலுமே அந்த மாதம் கரைகிறது. முன்கூட்டியே தயாராவது நல்லதுதானே என்று பெற்றோரும் பூரித்துப்போகிறார்கள். இந்தத் தயாரிப்பு வீண் மட்டுமல்ல, ஆளைப் பலவீனப்படுத்தவும் செய்கிறது. கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர், அங்கே ஏதாவது தப்பாக நடந்தால் முதலில் தன்னையே சந்தேகப்படுவார். மேனேஜர் செய்வது அநியாயம் என்று அவருக்குத் தோன்றாது. இந்தக் கல்ச்சருக்கு நான்தான் லாயக்கில்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றும்.

அமேசானைப் பாருங்கள். அதன் தலைமைப் பண்புகளின் பட்டியல் உலகப் பிரசித்தம். 14 ஆக இருந்த அந்தப் பட்டியலில் 2021 ஜூலையில் மேலும் இரண்டு சேர்ந்தன. உலகிலேயே மிகச் சிறந்த வேலை தருநராக இருக்கப் பாடுபட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இன்டர்வியூவில் இந்தப் பண்புகளை ஒட்டிச் சொந்த அனுபவத்தைக் கேட்பார்கள். அதனால் இருபத்திரண்டு வயதுப் பையன்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் நடக்காத வாக்குவாதத்தை நடந்ததாக எழுதி, கண்ணாடி முன் நின்று ஒப்பித்துப் பழகுகிறார்கள். மேலதிகாரியை மறுத்துப் பேசும் துணிவைப் பொய்க் கதை வழியாகக் கற்றுக்கொள்ள முடியாது. நிஜமாக மறுத்துப் பேச வேண்டிய நாள் வரும்போது அந்த ஒப்பித்தல் கைகொடுக்கவும் செய்யாது.

அதே அமேசான் 2025 அக்டோபரில் சுமார் 14,000 அலுவலகப் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. சில நாட்களில், முதலீட்டாளர்களுடனான உரையாடலில் தலைமை அதிகாரி ஆண்டி ஜாசி காரணம் சொன்னார். இது பணத்துக்காகச் செய்ததல்ல, இப்போதைக்கு ஏஐயால் வந்ததும் அல்ல, கல்ச்சர்தான் காரணம் என்றார். வேகமாக வளர்ந்ததில் அடுக்குகள் கூடிவிட்டன, அதைச் சரிசெய்கிறோம் என்பது அவர் விளக்கம். பதினாறு பண்புகளையும் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களும் அந்த 14,000 பேரில் இருந்திருப்பார்கள். யார் இருப்பது, யார் போவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் கம்பெனியிடம் இருக்கிறது. கல்ச்சர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வதும் அதே கைதான்.

கூகுளில் இதைவிடக் கசப்பான அனுபவம். ஊழியர்களைக் கொண்டாடும் இடம் என்று இருபது வருடம் பெயர் எடுத்த கம்பெனி அது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அதன் தலைவரானபோது நம் வீட்டுப் பிள்ளை என்று நாம் பெருமைப்பட்டோம், அதில் தவறில்லை. 2023 ஜனவரி 20 அன்று 12,000 பேரை நீக்குவதாக அவர் மின்னஞ்சல் அனுப்பினார். முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்றும் எழுதினார். அமெரிக்காவில் பலருக்குக் காலையில் லாகின் வேலை செய்யாதபோதுதான் விஷயமே தெரிந்தது. அங்கே எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வாடகை, குழந்தையின் பள்ளி, ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் அந்த 60 நாளுக்குள் வழி கண்டாக வேண்டும். கம்பெனியைக் குடும்பம் என்று நம்பி இருந்தவர்தான் அந்தக் காலையில் அதிகம் உடைந்துபோயிருப்பார்.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 2005 முதல் 2009 வரையிலான காலத்தில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி போன்ற கம்பெனிகள், ஒருவர் ஆளை மற்றவர் வலியப் போய் வேலைக்கு அழைப்பதில்லை என்று தமக்குள் ரகசியமாகப் பேசி வைத்திருந்தன. ஊழியர்கள் தொடுத்த வழக்கில் இந்த நான்கு கம்பெனிகளும் 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு 2015-ல் சமரசம் முடிந்தது. திறமைக்கு மரியாதை என்று மேடையில் பேசிய அதே ஆட்கள், திறமைக்குக் கிடைக்க வேண்டிய விலையை அறைக்குள் உட்கார்ந்து தடுத்திருக்கிறார்கள். இதை எந்த அறிமுக வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அப்படியானால் கல்ச்சர் என்பதே பொய்யா? பொய்யில்லை. அது அப்ரைசலில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டில் பல ஆண்டுகள் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு குழுவிலும் குறிப்பிட்ட பங்கு ஆட்களை மோசம் என்று கட்டாயம் மதிப்பிட்டாக வேண்டும். பத்துப் பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் யாரோ ஒருவர் பலியாக வேண்டும். கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் குழுவுக்குப் போகத் தயங்கினார்கள். பக்கத்து மேசைக்காரருக்கு உதவத் தயங்கினார்கள். 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டார்கள். ஒத்துழைப்பைப் பற்றி எத்தனை அழகாக எழுதி மாட்டியிருந்தாலும், பக்கத்தில் இருப்பவர் தோற்றால்தான் நான் பிழைப்பேன் என்று மார்க் போட்டால், அங்கே அதுதான் கல்ச்சர்.

ஆகவே படிக்க வேண்டிய முதல் காகிதம் ஆஃபர் லெட்டர். சிடிசி, அதாவது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என்று கொட்டை எழுத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்துவிடுகிறோம். அதில் ஒரு பகுதி கம்பெனியின் பங்குகளாக இருக்கும். அவை எப்போது கைக்கு வரும் என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அமேசானில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கத்தைச் சொல்கிறேன்: முதல் வருடம் 5 சதவீதம், இரண்டாம் வருடம் 15, மூன்றாம் நான்காம் வருடங்களில் 40, 40. நாற்பது லட்ச ரூபாய்க்குப் பங்கு என்றால் முதல் வருட முடிவில் கையில் இரண்டு லட்சம், அடுத்து ஆறு, பிறகு பதினாறு, பதினாறு. அதுவும் பங்கின் விலை மாறாமல் இருந்தால். முதல் இரண்டு வருடக் குறையை ஜாயினிங் போனஸ் கொடுத்து நிரப்புவார்கள். நடுவில் விலகினால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா, எவ்வளவு என்று கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். நோட்டீஸ் பீரியட் 60 நாளா 90 நாளா என்றும் பாருங்கள். இதைக் கணக்குப் போட்டு வைத்திருப்பவருக்கு, இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்யச் சொல்லும் மேனேஜரிடம் எப்போது சரி என்பது, எப்போது முடியாது என்பது என்று தெரியும்.

இரண்டாவது, நீங்கள் போகும் குழு. ஒன்றரை லட்சம் பேர் இருக்கும் கம்பெனியில் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போவது எட்டுப் பத்துப் பேர்தான். சிஸ்டத்தில் கோளாறு வந்தால் எந்நேரமும் கவனிக்க வேண்டிய ஆன்கால் முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும்? அந்த வாரத்தில் ராத்திரி எத்தனை தடவை எழுப்புவார்கள்? அமெரிக்கக் குழுவோடு கூட்டம் சென்னை நேரப்படி எத்தனை மணிக்கு? கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் விலகினார்கள்? இதையெல்லாம் ரெக்ரூட்டரிடமும் மேனேஜரிடமும் கேட்கலாம். கேட்டால் ஆஃபரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். மரியாதையாகக் கேட்ட கேள்விக்கே கோபப்படும் மேனேஜரிடம் நாளைக்கு லீவு எப்படிக் கேட்பீர்கள்?

நம் பிள்ளைகளுக்கு நிஜமாகவே பழக்கம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, அதை மறுக்க மாட்டேன். எல்.கே.ஜி.யிலிருந்து இன்ஜினியரிங் வரை 'சார்', 'மேடம்' என்று எழுந்து நின்று வளர்ந்தவர்கள், பதினைந்து வருட சீனியர் எழுதிய புரோகிராமில் பிழை இருக்கிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை, சொல்லித்தாருங்கள் என்று பத்துப் பேர் முன்னால் கேட்க வேண்டும். தன்னால் சிஸ்டம் நின்றுபோனால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதற்குப் பயிற்சி வேண்டும்தான். ஆனால் இது எந்தக் கம்பெனியின் தனிச் சொத்தும் அல்ல. நல்ல வேலைக்காரனின் குணம். நண்பனின் புரோகிராமை வாசித்துக் கருத்துச் சொல்லிப் பழகினாலே பாதி வந்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்றாவது விஷயம், சட்டம். ஐடியில் யூனியனே கிடையாது என்று சீனியர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. சேர்ந்து நின்றால் பலனும் உண்டு. 2018 நவம்பர் 1 அன்று, பாலியல் தொல்லைப் புகார்களைக் கையாண்ட விதத்தைக் கண்டித்து உலகெங்கும் சுமார் 20,000 கூகுள் ஊழியர்கள் வேலையை விட்டு எழுந்து வெளியே வந்தார்கள். அதன் பிறகுதான், இப்படிப்பட்ட புகார்களை நீதிமன்றம் போகவிடாமல் தனி மத்தியஸ்தத்துக்குத் தள்ளிய கட்டாய விதியைக் கம்பெனி கைவிட்டது. அவர்கள் கல்ச்சருக்குப் பொருந்திப்போகாததால் கிடைத்த பலன் அது.

இந்தியாவில் 2013-ம் வருடச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அந்தக் குழுவை அமைத்த உத்தரவைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஆணோ பெண்ணோ, சேர்ந்த முதல் வாரமே அந்த அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.