ஒரு வருஷம் போனால் என்ன போச்சு?

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடை. கூட வரும் நண்பர் முகம் சரியில்லை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து விஷயத்தைச் சொன்னார். பேரன் இன்ஜினியரிங் முதல் வருடம். இரண்டு செமஸ்டரும் சேர்த்து ஒன்பது பேப்பர் அரியர். "எனக்கு இது வரலை தாத்தா, விட்டுட்டு பி.காம். சேர்ந்துடறேன்" என்கிறானாம் பையன். வீட்டில் ரகளை. "ஒரு வருஷம் வேஸ்ட் ஆயிடும், நாலு பேரு என்ன சொல்லுவாங்க, அரியரைக் கிளியர் பண்ணிக்கிட்டே மேல போ" என்று அப்பா பிடிவாதம். அம்மா அழுகை. "நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார் நண்பர்.

புத்தி சொல்ல வேண்டியது பையனுக்கு இல்லை, வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குத்தான் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார். சொல்ல விட்டுப்போன மீதியை இங்கே எழுதுகிறேன். அவர் இதைப் படிப்பார் என்று தெரியும்.

நானும் முதல் வருடம் தோற்றவன்தான். 1967-இல் பிரவே முடித்துவிட்டுப் பி.யூ.சி. சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு வெளியூர்க் கல்லூரி. பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையதும் இல்லை. அதுவரை படித்ததெல்லாம் பிரெஞ்சில். அங்கே எல்லாம் இங்கிலீஷ். நான் கணக்கு, பௌதிகம், ரசாயனம் எடுத்தேன். பள்ளியில் கணக்கில் 20-க்கு 14 வாங்கியவன். பிரெஞ்சு முறையில் அதற்குப் 'பியேன்' என்று பெயர். அந்தத் தெம்பில் போனேன்.

தெம்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பிரெஞ்சில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். நாங்கள் 3,142 என்று எழுதினால் அது மூன்றும் சொச்சமும். அங்கே அதுவே மூவாயிரத்து நூற்று நாற்பத்திரண்டு. ரசாயன வகுப்பில் நைட்ரஜன், நைட்ரஜன் என்பார்கள். எனக்குத் தெரிந்தது அசோத். இரண்டும் ஒன்றுதான் என்று புரிவதற்குள் தீபாவளி வந்துவிட்டது. சந்தேகம் கேட்கலாம் என்றால் கேட்பதற்கும் இங்கிலீஷ் வேண்டும். முதலில் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அப்புறம் வகுப்புக்கே போகவில்லை. பஸ் ஏறப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து பிரெஞ்சு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். 1968 ஏப்ரலில் பரீட்சை. இரண்டாம் மொழியாக எடுத்த பிரெஞ்சு ஒன்றில்தான் பாஸ்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "செப்டம்பர்ல எழுதி எப்படியாவது பாஸ் பண்ணு" என்றார். அன்று சாயங்காலம் அம்மாவின் பெரிய மாமா வந்தார். இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா. விவரம் கேட்டார். "ருதூப்ளே பண்ணப் போறான். அவ்வளவுதானே?" என்றார்.

அந்த "அவ்வளவுதானே" என்னைக் காப்பாற்றியது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ருதூப்ளே என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருடக் கடைசியில் வாத்தியார்கள் கூடிப் பேசி, இவன் மேல் வகுப்புக்குப் போகலாம், இவன் இதே வகுப்பை இன்னொரு தடவை படிக்கட்டும் என்று முடிவு செய்வார்கள். தோற்ற பாடத்தை மட்டும் அல்ல, எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் வருடா வருடம் நாலைந்து பேர் அப்படி இருப்பார்கள். ஒருவன் இரண்டு தடவை ருதூப்ளே செய்தான். பின்னால் பிரான்சுக்குப் போய் நல்ல உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றான். யாரும் அவனைக் கேலி செய்ததாக நினைவில்லை.

பிரான்சிலேயே இப்போது அந்த முறையைக் குறைத்துவிட்டார்கள் என்று யாராவது சொல்வீர்கள். உண்மைதான். 2014-இல் ஆணை போட்டு, பள்ளிகளில் அது விதிவிலக்காக மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆனால் அது சின்னப் பிள்ளைகள் மேல் பெரியவர்கள் விதிப்பது. நான் பேசுவது 18 வயதுப் பையன் தானே வந்து கேட்கும் மறுதொடக்கத்தைப் பற்றி. அதே பிரான்சில் மருத்துவ முதல் வருடத்தைத் தோற்றவர்கள் இன்னொரு தடவை படிக்கலாம் என்பது 2020 சீர்திருத்தம் வரை பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. இரண்டாம் தடவையில் இடம் பிடித்து டாக்டரானவர்கள் அங்கே ஏராளம். அவர்களிடம் ஊசி போட்டுக்கொள்ள யாரும் பயப்படவில்லை.

இப்போது நம் அரியர் முறைக்கு வருவோம். முதல் வருடத்தில் ஒன்றுமே புரியாத பையனை இரண்டாம் வருடத்துக்கு அனுப்புகிறோம். அங்கே நடத்துவது முதல் வருடப் பாடம் தெரியும் என்ற கணக்கில். அதுவும் புரியாது. அதோடு பழைய ஒன்பது பேப்பரையும் ராத்திரியில் படிக்க வேண்டும். அரிசி வேகவில்லை என்று தெரிந்தும் அதன் மேலேயே குழம்பை ஊற்றி, சாப்பிடு, சாப்பிடு என்கிற கதை. நாலு வருடப் படிப்பு ஆறு, ஏழு என்று இழுத்துக்கொண்டிருக்கும் வீடு நம் ஒவ்வொருவர் தெருவிலும் ஒன்று உண்டு. ஒரு வருடம் வீணாகக் கூடாது என்று ஆரம்பித்தவர்கள்தான் அவர்களும்.

2020 ஆகஸ்டில் கொரோனாவைச் சொல்லி, தமிழ்நாட்டில் அரியருக்குப் பணம் கட்டியவர்கள் எல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்தது ஞாபகம் இருக்கும். பையன்கள் முதலமைச்சரைக் கடவுள் என்று பேனர் வைத்தார்கள். நாமெல்லாம் சிரித்தோம். அப்புறம் அது நீதிமன்றத்துக்குப் போனது வேறு விஷயம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கையெழுத்தில் பழையதெல்லாம் போய்விடாதா என்று அத்தனை பேர் ஏங்கியிருக்கிறார்கள். சும்மா கிடைத்த பாஸ் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆனால் புதிதாக ஆரம்பிக்க ஒரு நேரான வழி இருந்தால் எதற்காகக் குறுக்கு வழிக்கு மாலை போடப் போகிறார்கள்?

நேரான வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். படிப்பை விட்டுப் போகிறேன் என்றால் மிச்ச வருடங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டு, அப்போதுதான் ஒரிஜினல் சர்டிபிகேட் தருவோம் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. பெற்றோர்கள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். 2020 கல்விக் கொள்கையில் ஒரு வருடம் படித்தவர் சான்றிதழோடு வெளியேறலாம், மறுபடி உள்ளே வரலாம் என்று போட்டிருக்கிறார்களே என்பீர்கள். அது அந்த ஒரு வருடத்தைத் தேறியவனுக்கு. தோற்றவனுக்கு அதில் என்ன இருக்கிறது? அப்புறம் வேலைக்கு எடுக்க வரும் கம்பெனிகள். எல்லாப் பேப்பரையும் முடித்து வந்தவனிடமும், எப்போதாவது அரியர் இருந்ததா என்று கேட்கிறார்கள். கடனை அடைத்தவனிடம் நீ ஒரு காலத்தில் கடன் வாங்கியவன்தானே என்று கேட்பது என்ன நியாயம்?

அந்த ஒரு வருடத்தின் விலை என்ன என்பதை ஒரு குமாஸ்தாவாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். நான் 1974-இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்து 2010-இல் ஓய்வு பெற்றேன். 36 வருடம். முழுப் பென்ஷனுக்கு அந்தச் சேவையே தாராளம். ஆக, வீணாய்ப் போனதாக அப்பா துக்கப்பட்ட அந்த ஒரு வருடம் என் கையில் இருந்திருந்தாலும் சேவை வருடக் கணக்கால் பென்ஷன் கூடியிருக்காது. அதிகாலம் எஸ்டாப்ளிஷ்மெண்ட் பிரிவில்தான் இருந்தேன். எத்தனையோ பேருடைய சர்வீஸ் புத்தகம் என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. பிறந்த தேதிக்கு இடம் உண்டு, படிப்புக்கு இடம் உண்டு, உயரத்துக்கும் மச்சத்துக்கும்கூட இடம் உண்டு. எந்த வருடத்தை வீணாக்கினாய் என்பதற்கு ஒரு கட்டம்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஆட்சேபணை இருக்கிறது, அது நியாயமானது. இன்றைக்கு இதை விட்டவன் நாளைக்கு அதையும் விடமாட்டானா? விடலாம். அதற்குத்தான் பெரிய மாமா அன்று இன்னொரு கேள்வியும் கேட்டார். "எதுடா வரலை?" என்றார். எல்லாம் வரலை என்றேன். "அது பதில் இல்லை, யோசிச்சுச் சொல்லு" என்று போய்விட்டார். ஒரு வாரம் யோசித்தேன். கணக்கு எனக்கு வராமல் இல்லை. வராதது பாஷை. ரசாயனமோ பாஷை தெரிந்தாலும் எனக்குப் பிடிக்காது; பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று எடுத்தது. இதை அப்பாவிடம் வாய் விட்டுச் சொன்னபோதுதான் அவர் செப்டம்பர் பேச்சை விட்டார். அடுத்த ஜூனில் வேறு கல்லூரியில் அதே பி.யூ.சி.யை வரலாறு, பொருளாதாரம் எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். என்னைவிடச் சின்னப் பையன்களோடு முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெட்கம் பதினைந்து நாள் இருந்தது. அப்புறம் ஒரு விஷயம் கவனித்தேன். வாத்தியார் சொல்லும் இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது. முந்தின வருடம் ஒன்றும் புரியாமல் காதில் விழுந்துகொண்டே இருந்ததெல்லாம் எங்கேயோ உள்ளே தங்கியிருந்தது. வீணான வருடம் என்றார்களே, எனக்கு இங்கிலீஷ் தந்ததே அதுதான்.

அன்று எனக்கு ஒரு பெரிய மாமா இருந்தார். இன்றைக்கு அந்த வயதில் இருப்பவர்கள் நாம்தான். பேரன் தோற்றுவிட்டான் என்று பூஜை அறையில் போய் அழுவதும், சொந்தக்காரர்களிடம் நல்லாப் படிக்கிறான் என்று பொய் சொல்வதும் நாம்தான். அப்பாக்களுக்குப் பணக் கவலை, வேலைக் கவலை, அவர்கள் பதறுவார்கள். பதறாமல் இருக்க ஓய்வும் பென்ஷனும் கொடுத்து உட்கார வைத்திருக்கும் நம்மால் "அவ்வளவுதானே" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாவிட்டால், நரைத்த தலைக்கு என்ன மரியாதை?

நண்பரே, கோபம் ஆறியிருந்தால் திங்கட்கிழமை நடைக்கு வரும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் புத்தி சொல்ல மாட்டேன். எது வரலை என்று மட்டும் கேட்கிறேன். பதில் சொல்ல அவனுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.