கோமுகமும் கோமுகியும்

எம் கல்லூரியிற் பயின்று இன்று கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர், விடுமுறைக் காலத்தில் ஊர் வருங்கால் எம்மையும் வந்து கண்டு செல்வது வழக்கம். நலம் உசாவி முடிந்ததும் பேச்சு அவர்கள் கண்ட காட்சிகளின்பாற் செல்லும். சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் வாழ்வோர் தவறாது எடுத்துரைப்பது பனிக்கட்டியாற்றின் காட்சியாகும். அக்காட்சியைக் காட்டிலும் எமக்கு உவகை தருவது, அதனைக் காண்பதற்கு அவர்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒருநாட் பயணத்தின் திட்டம். முதனாள் இரவே கால அட்டவணையை விரித்துவைத்து, எந்தப் புகைவண்டியில் ஏறுவது, எந்த நிலையத்தில் மாறுவது, மலையில் எத்துணை நேரம் நிற்பது, மீளுதற்குரிய கடைசி வண்டி யாது என்றெல்லாம் குறித்துக்கொண்டு, தரகரும் வழிகாட்டியும் இன்றிப் போய்வருகின்றனர்.

இதே அன்பர்கள் நயினாதீவுக்குச் செல்லும் வகையை நோக்கினால் எமக்கு வியப்பே மிஞ்சுகின்றது. வாடகை வான் ஒன்று அமர்த்தப்படும். காலையில் நல்லூரும் கீரிமலையும், நண்பகலில் நயினாதீவு, மாலையிற் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை என்று வானோட்டியே நாளைப் பங்கிட்டுவிடுவார். படகால் இறங்கி, அருச்சனை செய்து, கோபுரத்தின்முன் நின்று கைத்தொலைபேசியிற் படம் எடுத்து, ஒரு மணி நேரத்துள் மறுபடியும் படகேறிவிடுவர். 'நயினாதீவு பார்த்தாயிற்று' என்பர். பள்ளிக்கூடங்களின் கல்விச் சுற்றுலாக்களும் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றன. ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். செல்வோர் தாமே திட்டமிடல் வேண்டும். பொது வண்டியிலும் பொதுப் படகிலும் செல்லல் வேண்டும் என்பது எமது துணிபு. அயல்நாட்டுப் பனிக்கட்டியாற்றுக்கு நாம் கொடுக்கும் முழுநாளை நம் தீவுக்கும் கொடுத்தால் என்ன?

பனிக்கட்டியாறு என்பது யாது என்பதை மாணவர்பொருட்டுச் சிறிது கூறுவோம். மாரியில் மலைமேல் விழும் வெண்பனி, கோடையில் முற்றும் உருகாது, ஆண்டின்மேல் ஆண்டாக அடுக்கடுக்காய்ச் சேர்ந்து, தன் பாரத்தாலே கட்டியாக இறுகிச் சரிவின்வழியே மெல்ல நகரும். நிற்பதுபோலத் தோன்றும், ஆயினும் நகர்ந்துகொண்டே இருக்கும். கோடையில் அதன் நுனி உருகிக் கீழேயுள்ள ஆற்றுக்கு நீர் கொடுக்கும். எனவே அது மலைமேற் கட்டிய குளம் போன்றது. மாரியில் வாங்கிக் கோடையில் வழங்குவது.

சுவிற்சர்லாந்தில் ரோன் ஆறு பிறக்குமிடம் இத்தகைய பனிக்கட்டியாறே. சூரிச்சில் வாழும் ஒருவர் காலையிற் புறப்பட்டுக் கோசெனென் நிலையத்தில் இறங்கி, மலைப் புகைவண்டியால் அண்டர்மாற் சேர்ந்து, அங்கிருந்து மஞ்சள் நிறத் தபாற் பஸ் வண்டியிற் பூர்க்காக் கணவாயைக் கடந்து அதன் விளிம்புக்குச் செல்லலாம். கணவாயின் உயரம் 2,429 மீற்றர். குளிர்காலம் முழுதும் பாதை பனியால் மூடிக்கிடக்கும். கோடை மாதங்களிலேயே பஸ் ஓடும். அதுவும் நாளைக்குச் சில முறையே. கடைசி வண்டியைத் தவறவிட்டவர் இரவை மலையிற் கழிக்க நேரும். ஆகையால் அப்பயணத்தைத் திட்டமிடுவோர் முதலிற் குறிப்பது புறப்படும் நேரத்தையன்று, மீளும் நேரத்தையே. அங்கே 1882இல் ஒரு விடுதி கட்டினர். அக்காலத்திற் பனி அதன் அருகிலேயே கிடந்தது. அதற்குச் சிறிது முன்னரோ, கீழ்ப்பள்ளத்தாக்கின் தரைவரை பனி நீண்டிருந்தது. இன்று அது பாறைச்சரிவின்மேல் நெடுந்தொலைவு பின்வாங்கிவிட்டது. முன்னர்ப் பனி கிடந்த இடத்தில் ஓர் ஏரி நிற்கின்றது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளிற் சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் தம் கன அளவிற் பத்திலொரு பங்கை இழந்தன என அங்குள்ள அறிஞர் அளந்து கூறினர். 2025ஆம் ஆண்டைப் பனிக்கட்டியாறுகளைக் காக்கும் ஆண்டென ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் இக்கவலையாலேயே.

இந்துக் கல்லூரியில் இருந்து பனிக்கட்டியாற்றைப் பற்றி எழுதுங்கால் கங்கோத்திரியைக் கூறாது விடலாகாது. பாகீரதி வெளிப்படும் பனிமுகத்திற்குக் கோமுகம் என்று பெயர்; பசுவின் முகம் என்பது பொருள். கங்கோத்திரிக் கோயிலே கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கு மேல் உள்ளது. அங்கிருந்து கோமுகம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர், முழுதும் நடையே. வனத்துறையின் அனுமதிச் சீட்டும் வேண்டும். உயரம் பழகாதவர்க்குத் தலைநோவும் மூச்சுத் திணறலும் உண்டாகும். ஆகவே காசியாத்திரையோடு கோமுகத்தையும் ஒரே நாளிற் பார்த்துவரலாம் என எண்ணும் அன்பர் அவ்வெண்ணத்தை விட்டுவிடுக. இடையில் ஓர் இரவேனும் தங்கிச் செல்லவேண்டிய வழி அது.

கோமுகம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் மாணவனுக்கு வேறொரு நீர்நிலை நினைவுக்கு வரவேண்டும். மணிமேகலைக் காப்பியத்தில், மணிபல்லவத் தீவிலே கோமுகி என்னும் பொய்கை கூறப்படுகின்றது. அம்மணிபல்லவம் நயினாதீவே என அறிஞர் பலர் கொள்வர். வேறிடம் சொல்வாரும் உளர். பனிமலையிலே பசுமுகம் ஒன்று. பாக்குநீரிணைக் கரையிலே பசுமுகம் ஒன்று. முன்னதைப் பார்க்கப் பல நாள் வேண்டும்; பின்னதற்கு ஒரு நாள் போதும்.

அப்பொய்கையின் கதை ஒருநாட் பயணிகளுக்கென்றே கூறப்பட்டதுபோல எமக்குத் தோன்றும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் உடைய ஆபுத்திரன், சாவக நாட்டிலே மழையின்றி மக்கள் பசியால் வாடுகின்றனர் எனக் கேட்டு அந்நாட்டுக்குக் கலமேறினான். காற்று மிகவே கலம் பாயிறக்கி மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கிற்று. அவன் தீவைப் பார்க்க இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கலத்தலைவன் இரவிலே பாய் விரித்துச் சென்றுவிட்டான். ஆளில்லாத தீவில், ஊரையே ஊட்டவல்ல பாத்திரத்தோடு தனித்து நின்றவன், தான் ஒருவன்மட்டும் உண்டு வாழ ஒருப்படானாய், பாத்திரத்தைக் கோமுகியில் விடுத்து உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். கலத்தலைவன் பயணிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால் மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்திராது; தமிழ்க் காப்பியம் ஒன்றின் போக்கே வேறாயிருக்கும்! இன்று மாணவரை அழைத்துச் செல்வோர் படகடியில் இருமுறை எண்ணுவது நன்று.

இனி, நயினாதீவுப் பயணத்துக்கு வருவோம். இதனையும் முடிவிலிருந்தே வகுத்தல் வேண்டும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க வண்டி குறிகட்டுவானுக்குச் செல்லும். பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும், தாம்போதியாற் புங்குடுதீவுக்கும் சென்று இறங்குதுறையில் நிற்கும். யன்னலோரத்தில் இருந்து வருவோர் ஆழமற்ற நீரிலே தடிகள் நாட்டி விரித்த வலைகளையும், பருவகாலமாயின் பூநாரைக் கூட்டங்களையும் காணலாம். வானிற் செல்வோர் இவ்விடத்தில் உறங்குவதையே யாம் கண்டிருக்கின்றோம். துறையில் இறங்கியவுடன் கேட்டறிய வேண்டியவை இரண்டு: நயினாதீவிலிருந்து மீளும் கடைசிப் படகு எப்போது, குறிகட்டுவானிலிருந்து மீளும் கடைசி பஸ் எப்போது. காற்றும் விழாவும் நேரத்தை மாற்றுவனவாதலின் அன்றன்று கேட்பதே முறை. அவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து, கடைசிக்கு முந்திய படகையே தம் கடைசிப் படகாகக் கொள்க. நெடுந்தீவுப் படகுகளும் அதே துறையிலிருந்தே புறப்படும். அது ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல்வழி, படகும் சிலவே. இரண்டையும் ஒரு நாளில் அடக்க முயல்வோர் இரண்டையும் காணார். நெடுந்தீவுக்கு வேறொரு நாளை ஒதுக்குக.

நயினாதீவுக்குக் கடல்வழி கால் மணி அல்லது இருபது நிமிடமே. தீவின் பரப்பு நான்கு சதுர கிலோமீற்றரை ஒட்டியது, நடந்தே பார்க்கலாம். நாகபூஷணி அம்மனை வழிபட்டபின் உடனே திரும்பாது, அக்கோயிலிலுள்ள கல்வெட்டைப் பற்றி விசாரித்துக் காண்க. பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் அது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்பது அதன் கருத்து. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் அரசுக்கு நாலிலொரு பங்கு, உடையவனுக்கு மூன்று பங்கு; வேறு வாணிகப் பொருள் ஏற்றிய கலமாயின் சரிபாதி. படைக்கு வேண்டிய யானை குதிரைகளைக் கொண்டுவருவோனுக்குச் சலுகை கூட! சிங்கள மன்னன் ஒருவன் தமிழ் வணிகர் படிக்கத் தமிழிலே பொறித்த சட்டம், நாம் செருப்பைக் கழற்றிவைத்து விரைந்து கடந்துபோகும் கோயிலில் இருக்கின்றது. சற்று நடந்தால் நாகவிகாரை. மணியாசனத்திற்காக நாக மன்னர் இருவர் போரிட்டதையும் புத்தர் வந்து அதனைத் தணித்ததையும் பாளி மொழியில் மகாவம்சமும் தமிழில் மணிமேகலையும் கூறுகின்றன. நண்பகலில் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் அடியார்க்குச் சோறு இடப்படும். அப்பெயரின் கதையை அறிந்து உண்பவனுக்கு அது வெறுஞ் சோறு அன்று.

ஆயினும் யாம் மாணவருக்குக் காட்ட விரும்புவது கிணறுகளையே. இத்தீவில் ஆறில்லை, மலையில்லை. ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையூடே இறங்கி, அடியிலே பரந்துள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் பாரங் குறைந்ததாதலின் உவர்நீர் அதனைத் தாங்கிநிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடிவரை அது இருக்கலாம் என்பது நூற்கணக்கு. அக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் உள்ளம் துணுக்குறும்: மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பதடி எழும். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு சவராகிவிடும். சவரான கிணறு எளிதில் மீளாது. மலைமேற் பனி செய்யும் தொழிலை இங்கே பாறைக்கடியில் மழைநீர் செய்கின்றது. மாரியில் வாங்கிச் சோழகம் வீசும் கோடையில் வழங்குகின்றது. அங்கே பனி சுருங்குவதைக் கண்ணாற் காணலாம், படமெடுத்து ஒப்பிடலாம். இங்கே சுருங்குவது மண்ணுக்குள்ளே. நாவாற் சுவைத்தாலன்றித் தெரியாது. ஒரு மணி நேரப் பயணிக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவன் போத்தற் தண்ணீரைக் குடித்து, வெறும் போத்தலைத் தீவிலேயே போட்டுவிட்டுப் போகின்றான். குடிநீரைக் கொண்டுசெல்க, போத்தலைத் திரும்பக் கொண்டுவருக. தீவாருக்கு நாம் செய்யத்தக்க சிறு மரியாதை அது.

பிள்ளைகளைத் தாமாகக் கடல்வழி விடலாமா எனப் பெற்றோர் வினவுவர். வினா நியாயமானதே. சோழகக் காற்று மிகும் மாதங்களிலும், ஆனி மாதப் பதினாறு நாள் மகோற்சவத்திலும், பூரணை விடுமுறைகளிலும் முதன்முறை செல்வோர் போகவேண்டா. நெரிசலிலே நிதானம் இராது. உயிர்காப்பு அங்கி அணியாமற் படகிலிருத்தல் ஆகாது. ஏறத்தகாத அளவு ஆள் ஏறிய படகை விட்டு அடுத்ததற்குக் காத்திருக்க நேரம் வேண்டும். ஒரு நாளில் ஐந்து இடம் பார்க்க விரைபவனுக்குத்தான் அந்நேரம் இராது. அன்றியும், தீவகத்துப் பிள்ளைகளிற் பலர் கல்விக்காகப் படகேறி வருபவர்கள். அவர்கள் நாள்தோறும் செய்யும் காரியத்தை நகரத்துப் பிள்ளை ஆண்டுக்கொருமுறை செய்ய அஞ்சுதல் எமக்கு வெட்கமாகவே இருக்கின்றது. பதினெட்டு வயதில் ஒருவன் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியே விமானமேறுகின்றான். அதுவரை தன்னூர்ப் பஸ் அட்டவணையைத் தானாக ஒருமுறை பார்த்ததில்லை. அவன் அங்கே சென்று பனிக்கட்டியாற்றுக்கு வழி கண்டுபிடித்து விடுகின்றான் என்பது உண்மை. இங்கேயும் கண்டுபிடித்திருக்கலாமே என்பதே எம் ஆதங்கம்.

உயர்தர வகுப்பு மாணவர் அறுவர் எழுவராகக் குழு அமைத்துத் திட்டத்தை எழுதித் தரட்டும். ஆசிரியர் ஒருவர் உடன் செல்வார், வழி சொல்லமாட்டார். பழைய மாணவர் சங்கத்தார் வானுக்குக் கொடுக்கும் பணத்தைப் பஸ், படகுக் கட்டணத்துக்குத் தந்தால் மிச்சப் பணத்தில் இன்னும் பல குழுக்கள் போகலாம். முதற்பயணம் தை மாதத்தில், மழை நின்று கிணறுகள் நிறைந்திருக்கும்போது; அடுத்தது ஆவணியில், மழைக்கு முன்னே. வீட்டாரின் இசைவு பெற்று, இரு முறையும் அதே கிணற்றில் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து, ஒரு வாய் சுவைத்துக் குறித்து வரவேண்டும். குறிப்பேடும் கயிறும் எம்மிடம் உண்டு. விரும்பும் மாணவர் பெற்றோரின் கடிதத்தோடு தமிழ் ஆசிரியர் அறைக்கு வந்து பெயர் பதிந்துகொள்க.