மெய்ப்பிக்கும் கடமை யாருடையது? புலிகள் காப்பகங்களும் வன உரிமைச் சட்டமும்

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூன் 19 அன்று மாநில அரசுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 ஊர்களில் 64,801 குடும்பங்கள் வாழ்வதாகவும், அவர்களை இடமாற்றுவதற்கு முன்னுரிமை தந்து செயல்திட்டம் அளிக்க வேண்டும் என்றும் அது கூறியது. மக்கள் வாழும் காட்டில் புலி பிழைக்காது என்ற எண்ணமே இத்தகைய நடவடிக்கைகளின் அடித்தளம். அந்த எண்ணத்தை ஆய்வுகள் ஏற்கின்றனவா, சட்டம் ஏற்கிறதா என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலையை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழும் சோளகர்களின் உறவினர்கள் நம் சத்தியமங்கலம் மலைகளிலும் வாழ்கிறார்கள். 2011இல் அம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வுரிமை ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. 2010இல் 35 ஆகக் கணக்கிடப்பட்ட புலிகள் 2014இல் 68 ஆக உயர்ந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. இந்த உயர்வுக்குச் சோளகர்களே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆனால், மக்கள் இருந்தால் புலிகள் அழியும் என்ற வாதம் அங்கே பொய்த்துவிட்டது.

அம்மலையில் சூழலியல் ஆய்வாளர்கள் நீண்ட காலம் பணியாற்றியிருக்கிறார்கள். 1997க்கும் 2008க்கும் இடையே உண்ணிச்செடி பரவிய பரப்பு ஏறத்தாழ இருமடங்கானதை அவர்கள் பதிவு செய்தனர். கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்குச் சிறு தீ வைப்பது சோளகர்களின் பழைய வழக்கம். காட்டுயிர்ச் சட்டத்தின் பெயரால் அது தடுக்கப்பட்ட பின்னரே உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆய்வாளர்கள் அதை மூடநம்பிக்கையாக ஒதுக்காமல் அறிவியல் கருதுகோளாகவே ஆராய்ந்தார்கள். மக்களைக் குற்றவாளிகளாக்கிய வனத்துறை, காட்டைப் பற்றிய ஓர் அறிவையும் இழந்தது.

இனி சட்டத்திற்கு வருவோம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவு தெளிவானது. முதலில் உரிமைகளை ஏற்கும் பணி முடிந்திருக்க வேண்டும். மக்களின் இருப்பு காட்டுயிர்களுக்கு மீளமுடியாத சேதம் விளைவிக்கும் என்பதை அரசு நிறுவ வேண்டும். இணைந்து வாழ்தல் உள்ளிட்ட வேறு வழிகள் இல்லை என்றும் முடிவு காண வேண்டும். அதன் பின்னும் கிராம சபை விவரமறிந்து, கட்டாயமின்றி, எழுத்தில் இசைவு தர வேண்டும். அதாவது மெய்ப்பிக்கும் கடமை அரசுக்கே உரியது. நடைமுறையிலோ, தாம் யார் என்பதை மெய்ப்பிக்கும் சுமை மக்களின் தோளில் ஏற்றப்படுகிறது.

அச்சுமை தலித்துகளின் மீது இன்னும் கனமாக விழுகிறது. பழங்குடிப் பட்டியலில் இல்லாத வனவாசிகள், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். நிலமோ பட்டாவோ மறுக்கப்பட்ட சாதிகளிடம் 1930ஆம் ஆண்டின் ஆவணத்தைக் கேட்பது எவ்வகை நீதி? இங்குதான் விதிகளை நாம் கற்றாக வேண்டும். குறிப்பிட்ட ஆவணம் ஒன்றைத்தான் தர வேண்டும் என வற்புறுத்த விதிகள் இடம் தரவில்லை. முதியோரின் எழுத்துமூல வாக்குமூலமும், கிணறும், இடுகாடும், வழிபாட்டு இடமும் சான்றுகளே.

இன்னொரு கருவியும் நம் கையில் உண்டு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் வன உரிமையில் சாதியால் அப்பட்டியல்களுக்கு வெளியே உள்ளவர் தலையிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவின்படி குற்றம். வெளியேற்றத்தை வெறும் நிர்வாக நடவடிக்கையாகப் பார்க்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அது வன்கொடுமையாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே, இடமாற்றம் என்ற பேச்சு எழும் ஊர்களில் நாம் கேட்க வேண்டியவை மூன்று: சேதத்தை நிறுவிய ஆய்வு எங்கே? இணைந்து வாழ இயலாது என்று முடிவு செய்தவர் யார்? கிராம சபையின் தீர்மானம் எங்கே? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை வரும்வரை ஒரு குடும்பம்கூட வெளியேற வேண்டியதில்லை. சட்டம் தெரிந்த மாணவர் ஒருவர் கிராம சபையில் மக்களோடு அமர்ந்து இக்கேள்விகளைத் தீர்மானமாக எழுதித் தருவது, அம்மக்களுக்கு இன்று பெருந்துணையாகும்.