உடல் இளைக்க மாத்திரை விற்போரைத் தடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி, சுவர் விடாமல் கம்பம் விடாமல் 'ஒரே மாதத்தில் 10 கிலோ குறையும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அடியில் ஒரு கைப்பேசி எண் மட்டும்தான். தயாரித்தவர் யார், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடை செய்திருக்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானாலே 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். எண்ணை அவர்களே சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கும்போது ஆளைப் பிடிக்க என்ன தடை?

பக்கத்து மதுரையில் 2026 ஜனவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், எடை குறைய வேண்டி, யூடியூப் வீடியோவை நம்பி நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் (போராக்ஸ்) வாங்கிச் சாப்பிட்டு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு இறந்தே போனார். அந்தச் செய்தி வந்த பிறகும் இங்கே ஒரு நோட்டீஸைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

உயிர் போனால்தான் செய்தியாகிறது. மற்ற அவதிகளைப் பெண்கள் வெளியே சொல்வதே இல்லை. நூற்பாலைக்கு வேலைக்குப் போகும் என் தங்கை மகள், ஒரு மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் ஓர்லிஸ்டாட் வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பாட்டுக் கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உடலில் சேரவிடாமல் செய்யும் மாத்திரை அது. சேராத கொழுப்பு எண்ணெயாகவே மலத்தோடு வெளியேறும். அடக்கவும் முடியாது, தெரியாமலே கசிந்து துணியும் கறையாகும். நம்மூர் பிரியாணி ஒரு வேளை சாப்பிட்டால் போதும், அவதி இரட்டிப்பாகும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரை சாப்பிடுவோருக்கு அதன் பலனும் குறையலாம். இதில் ஒன்றையும் கடைக்காரர் சொல்லவில்லை. தனக்கு ஏதோ தீராத நோய் வந்துவிட்டதென்று அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

மூலிகைப் பொடி என்றால் பயமில்லை என்பதும் பொய். பல பொடிகளில் இருப்பது நிலாவாரை என்ற பேதி மூலிகை. பேதியாகி உடம்பின் நீர்தான் வற்றுகிறது, கொழுப்பு அப்படியே இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2011-இல் இந்தியா தடை செய்த சிபுட்ரமின், 'இயற்கை' என்று விற்ற எடைக்குறைப்புப் பொருள்களுக்குள் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது.

நம் மருந்து ஆய்வாளர்கள் இந்தப் பொடிகளையும் மாத்திரைகளையும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைப் பெயரோடு வெளியிட வேண்டும். டாக்டர் சீட்டில்லாமல் ஓர்லிஸ்டாட் போன்ற மாத்திரைகளை விற்கும் கடைகளின் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும். மாநகராட்சி நோட்டீஸைக் கிழிப்பதோடு நிற்காமல், அதில் உள்ள எண்களை அன்றே காவல் துறைக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகல் நகர், திண்டுக்கல்.