சித்திரைக்குள் ஒவ்வொரு லயத்துக்கும்



சித்திரை வருஷத்துக்குக் கொழும்பிலிருந்து நம் பிள்ளைகள் வரப்போகிறார்கள். அட்டன் பஸ் நிலையத்தில் பையும் பெட்டியுமாக இறங்கி, த்ரீவீல் பிடித்துத் தோட்டத்துக்கு ஏறி வந்து, நாலைந்து நாள் லயத்து வாசலில் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு அவர்களைப் பார்ப்பது தீபாவளிக்குத்தான். இடையில் தென்மேல் மழை வந்துவிடும். ஆகவே இந்தக் கடிதத்தை அடுத்த கூட்டம் வரைக்கும் மடித்து வைக்க வேண்டாம். இன்றைக்கே வாசியுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நம் தோட்டத்துச் சேவைச் சங்கத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும். அதையும் சித்திரைக்குள் சேர்க்க வேண்டும்.

என்ன அவசரம் என்று கேட்பவர் 2025 நவம்பர் கடைசி வாரத்தை மறந்தவராக இருப்பார். 28ஆம் திகதி டித்வா புயல் கரையேறியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலை மாவட்டங்கள்தான் மண்சரிவில் அதிகம் அடிபட்டன. பாதை அடைபட்டது, மின்சாரம் நின்றது, டெலிபோன் செத்தது. வெளியுதவி வந்து சேராத அந்த முதல் நாட்களில் மண்ணைத் தோண்டியவர்கள் யார்? நோயாளியைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் யார்? பக்கத்து லயத்துக்காரர்கள்தான். கோயில் கமிட்டி, மரணாதாரச் சங்கம், இளைஞர் கழகம் என்று நாம் லேசாக நினைக்கிற சின்னச் சின்னக் கூட்டங்கள்தான்.

இப்போது நம் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெயர்க்காரர்கள் எங்கே? புறக்கோட்டையில் கடையில் நிற்கிறார்கள், வெள்ளவத்தையில் ஹோட்டலில் நிற்கிறார்கள், சிலர் மத்திய கிழக்கில். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகள் கையேற்றபோது பதிவுத் தொழிலாளர்கள் 3 லட்சத்துக்கும் மேல். இன்று அதில் பாதிகூட இல்லை. லயங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. உள்ளே பாட்டியும் பேரப்பிள்ளையும். நடுச்சாமத்தில் மேட்டிலிருந்து மண் இறங்கினால், கதவைத் தட்டி அந்தப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட லயத்துக்கு இரண்டு பேராவது வேண்டாமா?

இதை உணர்ச்சி மூட்டுவதற்காகச் சொல்லவில்லை, கணக்கோடுதான் சொல்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 ஆனால் துணிமணி, அடையாள அட்டை, மருந்து எல்லாவற்றையும் கட்டித் தயாராக இருக்க வேண்டும். 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ, மறுபேச்சில்லாமல் வெளியேற வேண்டும். மழைமானி ஒன்றும் பெரிய இயந்திரமில்லை. ஆனால் அது தானாகக் கத்தாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, டோர்ச் அடித்துப் பார்த்து, கொப்பியில் எழுதி, அளவு மீறினால் தப்பை எடுத்து அடிக்க ஒரு மனுசன் வேண்டும். ஒருவரே எல்லா இரவும் எழும்பினால் காலையில் பெரட்டுக்கு எப்படிப் போவார்? முறை வைத்துப் பார்க்க ஒவ்வொரு டிவிஷனிலும் ஆறேழு பேராவது வேண்டும். கொழும்பிலிருந்து வரும் எச்சரிக்கையைச் சிங்களத்தில் வாசித்து உடனே தமிழில் சொல்ல இன்னொருவர் வேண்டும். டித்வா நேரத்தில் தமிழ் அறிவித்தல்கள் பிந்தி வந்தன என்ற முறைப்பாடு எல்லோருக்கும் தெரியும். அதைத் திருத்தச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டே இருப்போம், கேட்கிற உரிமையும் நமக்குண்டு. அதுவரைக்கும் மழை காத்திருக்காது.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைப் பக்கம் அந்தத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மாற்றுக் காணி கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு, கம்பனியின் பொறுப்பு. அதைச் சங்கத்தின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை லயம் லயமாகக் கொண்டுபோய்க் காட்டி, 'எங்களை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?' என்று மாதா மாதம் காரியாலயத்துப் படியேறிக் கேட்க ஆள் வேண்டும். ஒன்றிரண்டு பேர் போனால் நாளை வா என்பார்கள். ஊரே திரண்டு போனால் கதிரை போட்டு உட்காரச் சொல்வார்கள்.

இரத்ததானமும் அப்படித்தான். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் பிரசவத்துக்கு இரத்தம் தேவை என்றால் நாம் யாருக்கு அழைப்பெடுக்கிறோம்? அதே பத்துப் பேருக்கு. 18 வயதுக்குக் குறையக்கூடாது, 60ஐத் தாண்டக்கூடாது, 50 கிலோ நிறை வேண்டும், ஒரு தடவை கொடுத்தவர் நாலு மாதம் பொறுக்க வேண்டும். பத்துப் பேரை வைத்து ஒரு முகாம் நடத்திப் படம் பிடிக்கலாம். இரண்டு மாதம் கழித்து வருகிற தாய்க்கு யார் கொடுப்பது?

சரி, எப்படிச் சேர்ப்பது? மலையகத்துக்கு இதை வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுத்த காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் போனார். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டினார். அவர் துணைவி மீனாட்சியம்மை பாட்டுக் கட்டி, அச்சிட்டு, கூட்டத்தில் பாடி ஆட்களைத் திரட்டினார். நம்மைத் தடுக்க இன்று ஒரு வாட்சரும் இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று என்று நாமே உட்கார்ந்துவிடுகிறோம். எத்தனை லயத்தில் சிக்னல் கிடைக்கிறது? கிடைத்தாலும், யாரோ அனுப்பிய பூப்படத்துக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் நம் அழைப்பை யார் தேடி வாசிப்பார்? நடந்து போங்கள். வாசலில் நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மீனாட்சியம்மை பெயரை எடுத்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தின் பெரிய சேவைக் கழகங்களே பெண்களை நெடுங்காலம் வாசலில் நிறுத்தின. லயன்ஸ் கழகம் 1987இல்தான் அவர்களுக்குக் கதவைத் திறந்தது, றோட்டரி 1989இல். நம் மலையில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஒரு பெண் மேடையேறி ஊரைக் கூட்டினார். அந்தப் பெருமையைப் பேசிப் பேசித் தேய்த்துவிட்டோம். நம் நிருவாகத்தில் எத்தனை பெண்கள்? 'மாதர் அணி' என்று ஒரு வரி எழுதி, அதில் தலைவரின் வீட்டுக்காரம்மா பெயரைப் போட்டு வைப்பதுதானே பல தோட்டங்களில் நடக்கிறது? கொழுந்து நிறுத்து, வீடு வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடிக்கும்போது ஒரு பெண்ணுக்கு மணி எட்டு. நாம் ஏழு மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் அக்கறையில்லாதவர்கள் என்று அறிக்கை எழுதுகிறோம். வேலை நாளில் பகலில் வைத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்த கணக்கில் அது 1,750 ரூபாய். எந்தச் சங்கத்துக்காக அவள் அதை விட வேண்டும்?

றோட்டரியை 1905இல் சிக்காகோவில் பால் ஹரிஸ் தொடங்கியபோது அவர்களுக்குச் சொந்த மண்டபம் கிடையாது. ஒருவர் தொழிலிடத்தில் ஒரு கூட்டம், அடுத்தவர் இடத்தில் அடுத்தது என்று மாறி மாறிக் கூடினார்கள். நல்லதை யாரிடமிருந்தும் எடுக்கலாம். நம் கூட்டமும் லயத்துக்கு லயம் மாறட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் பாய் விரித்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகாமல். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தால் வரட்டும், கீரை ஆய்ந்துகொண்டே பேசினால் பேசட்டும்.

இனி நம் பெரியவர்களுக்குப் பிடிக்காத பேச்சு. ஆள் சேராமல் நம் சங்கங்கள் மெலியவில்லை. சேர்ந்தவர்கள் நிற்காததால்தான் மெலிந்தன. முதல் நாள் ஆசையோடு வருகிற தம்பிக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? கதிரை தூக்கு, பெனர் கட்டு, தேத்தண்ணி கொடு. ஒரு யோசனை சொல்ல வாய் திறந்தால், 'நீ நேற்று வந்தவன்.' இரண்டாம் கூட்டத்துக்கு அவன் வராவிட்டால், 'இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுப்பில்லை.' பொறுப்பைக் கொடுத்தால்தானே இருக்கும்!

மாசியில் காமன் கூத்து நடந்ததே, அதற்கு ஆள் பஞ்சம் வந்ததா? வாத்தியார் ஒரு பையனை இருபது வருஷம் ஓரத்தில் உட்கார வைத்துப் பார்க்க விடுவதில்லை. பந்தம் பிடிக்க விடுகிறார், சலங்கை கட்டி விடுகிறார், அடுத்த வருஷம் தூதன் வேஷம் தருகிறார். ஆடத் தெரியாமல் ஆடினாலும் அன்றைக்கு அவன் கூத்துக்காரன். லயத்தில் எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். ரதியாக வேஷம் கட்டிய பையனைக் கொழும்பு முதலாளி லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வரச் செய்வது அந்தக் கூத்துத்தான்.

ஆகவே சேர்கிறவருக்குச் சேர்கிற அன்றே ஒரு வேலை. கையில் பிடித்துச் செய்யக்கூடிய, அவர் செய்யாவிட்டால் நின்றுபோகக்கூடிய வேலை. உயர்தரம் படிக்கும் தங்கையிடம் மழைக் கொப்பியைக் கொடுங்கள். பென்சன் எடுத்த கங்காணி ஐயாவிடம், எந்தக் காம்பராவில் எழும்ப முடியாத நோயாளி இருக்கிறார், எங்கே கைக்குழந்தை இருக்கிறது என்ற பட்டியலைக் கொடுங்கள். அவரைவிட அது யாருக்குத் தெரியும்? லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் கைமாறித் தொலைகிற தோட்டங்களில், நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தி வந்து வேலையை இழந்த பிள்ளைகள் உண்டு. கடிதங்களைப் பிரித்து வீடு சேர்க்கும் பொறுப்பை ஒரு பத்தாம் வகுப்புப் பையன் ஏற்றால் போதும்.

கொழும்பில் நிற்கிற பிள்ளை தோட்டத்தில் இல்லையே, அவனால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். எனக்கு அவன்தான் முதல் தேவை. இங்கிருந்து ஒரு நோயாளியைக் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ, மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்கோ மாற்றுகிறார்கள். கூடப்போகிற மனைவிக்கு வார்டு தெரியாது, சிங்களம் தெரியாது, இரவு எங்கே தங்குவதென்று தெரியாது. வாசலில் நம் தோட்டத்துப் பையன் ஒருவன் நின்று, 'அக்கா, இப்படி வாங்க' என்று சொன்னால்! அதற்காகவே அவனைச் சேருங்கள். சித்திரையில் அவன் வரும்போது சேர்க்காவிட்டால் வேறு எப்போது?

சேர்க்கும்போது எந்தத் தொழிற்சங்கத்துக்குச் சந்தா பிடிபடுகிறது என்று கேட்கக்கூடாது. எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டார் என்று கேட்கக்கூடாது. மேல் லயமா கீழ் லயமா என்று வாயால் கேட்காமல் கண்ணால் கேட்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அவர்கள் ஆள் சேர்க்கப் போகாமல் வீட்டில் இருப்பதே சங்கத்துக்குச் செய்யும் சேவை. கணக்குப் புத்தகத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தமாக வாசிக்க வேண்டும். புதியவர் முன்னால் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

இளையவர்களை முன்னால் நிறுத்துவதும் நமக்குப் புதிதில்லை. 1960களில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரி ஆசிரியர் இர. சிவலிங்கமும் அவர் தோழர்களும் மலைநாட்டு நல்வாழ்வு வாலிபர் சங்கம் என்று இளைஞர்களைக் கூட்டியபோது, படித்துக்கொண்டிருந்தவர்களையும் படிப்பு முடித்திருந்தவர்களையுமே மேடையேற்றினார்கள். அந்த அலையில் பேசவும் எழுதவும் பழகியவர்கள்தான் பிறகு நமக்கு ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்தார்கள். மைக்கைப் பெரியவர்களே பிடித்துக்கொண்டிருந்தால் அது நடந்திருக்குமா?

இனி வேலை. வருகிற ஞாயிறு முதல் நிருவாகத்தில் உள்ள ஒவ்வொருவரும் தன் லயத்தை விட்டு வேறு இரண்டு லயங்களுக்குப் போக வேண்டும். தன் லயத்துக்குப் போனால் சொந்தக்காரர்தான் சேருவார். ஆணும் பெண்ணுமாகச் சோடியாகப் போங்கள். சந்தாப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். முதலில், 'மழை இரவில் உங்கள் வீட்டில் யாரைத் தூக்க வேண்டும்?' என்று கேளுங்கள். அடுத்ததாக, 'உங்களால் யாரைத் தூக்க முடியும்?' என்று கேளுங்கள். இரண்டு பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். வருஷத்தன்று கோயிலுக்கு வரும் கொழும்புப் பிள்ளைகளைப் பூசை முடிந்ததும் விடாமல் பிடியுங்கள். ஏப்ரல் 15, காலை பத்து மணி, பிள்ளைக் காம்பரா முற்றம்: புதியவர்கள் முன்வரிசையில், நாம் பின்னால். அவரவர் பொறுப்பை அங்கேயே பெயர் சொல்லிக் கொடுத்துவிடுவோம். கதிரைகளை அன்றைக்குத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் தூக்குவார்கள். கொப்பி கொண்டுவாருங்கள், பேனையும் கொண்டுவாருங்கள், அது எழுதுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.