வாங்கியவருக்கு முன்பே குடியேறிய மென்பொருள்

புதிய மடிக்கணினியைத் திறந்ததும் எட்டிப்பார்க்கும் ஆன்டிவைரஸ் விளம்பரம், ஒரு மாதத்துக்கு மட்டும் இலவசமான ஏதோவொரு சேவை, யாரும் கேட்காத விளையாட்டுகள், தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் நாலைந்து ‘உதவியாளர்’கள். இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: கணினி மெதுவாகிறது, இடத்தை அடைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் நீக்கிவிடுகிறார்கள்; தெரியாதவர்கள் பழகிக்கொள்கிறார்கள். வேகமும் இடமும் மட்டுமே சிக்கல் என்றால் இதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாங்கியவர் கைக்கு வருவதற்கு முன்பே உள்ளே வைக்கப்படும் மென்பொருளுக்கு, அவர் பின்னர் தாமாக ஏற்றிக்கொள்ளும் மென்பொருள்களுக்கு எளிதில் கிடைக்காத அதிகாரம் கிடைத்துவிடுகிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர் தயாரிப்பாளர். விளையும் கேட்டைச் சுமப்பவர் வாங்கியவர். இந்த ஏற்பாட்டை நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவைக்க முடியாது. லெனோவோவில் நடந்ததைப் பார்த்தாலே இது விளங்கும்.

2014 செப்டம்பர் முதல் சில மாதங்கள் லெனோவோ விற்ற வீட்டு உபயோக மடிக்கணினிகள் பலவற்றில் ‘விஷுவல் டிஸ்கவரி’ என்றொரு மென்பொருள் இருந்தது. உருவாக்கியது கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இயங்கிய சூப்பர்ஃபிஷ் நிறுவனம். இணையக் கடையில் ஒரு பொருளின் படத்தின் மீது சுட்டியைக் கொண்டுபோனால், அதைப் போன்ற பொருளை விற்கும் வேறு கடைகளின் விளம்பரத்தைக் காட்டுவது அதன் வேலை. ஆனால் பெரிய தளங்கள் அதற்குள் மறையாக்கத்துக்கு மாறியிருந்தன. மறையாக்கம் என்றால், தளத்துக்கும் நம் பிரவுசருக்கும் இடையில் யாரும் எதையும் படிக்கவோ செருகவோ முடியாது. விளம்பரம் செருக வேண்டுமானால் அந்தப் பூட்டை உடைத்தாக வேண்டும். சூப்பர்ஃபிஷ் அதைத்தான் செய்தது. கோமோடியா என்ற நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்தி, விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் தன்னுடைய மூலச் சான்றிதழ் ஒன்றைச் சேர்த்துவைத்தது. ஒரு தளம் உண்மையானதுதானா என்று பிரவுசர் சரிபார்ப்பது இந்தப் பட்டியலை வைத்துத்தான். அதில் இடம்பிடித்துவிட்டால் எந்தத் தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் வழங்கலாம். வங்கித் தளத்தைத் திறந்தாலும் பூட்டுச் சின்னம் வழக்கம்போலவே தெரியும்; சான்றிதழைக் கொடுத்தது மட்டும் வங்கிக்கு உரிய அமைப்பு அல்ல, சூப்பர்ஃபிஷ்.

இதோடு நின்றிருந்தால் ஒரு விளம்பர நிறுவனத்தின் அத்துமீறல் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் விற்ற கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே சான்றிதழ், ஒரே ரகசியத் திறவுகோல். அந்தத் திறவுகோலும் ஒவ்வொரு கணினிக்குள்ளேயே கிடந்தது. 2015 பிப்ரவரி 19 அன்று ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்திலேயே அதைப் பிரித்தெடுத்தார். அதைக் காத்த கடவுச்சொல், கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயரேதான்: கோமோடியா. அன்று முதல், இந்தக் கணினியோடு பொது வைஃபையில் அமர்ந்த எவருடைய வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் பக்கத்து மேசையில் இருப்பவர் இடைமறிக்க வழி திறந்தது. லெனோவோவின் முதல் பதில், முழுமையாக ஆராய்ந்தோம், பாதுகாப்புக் கவலைக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பது. மறுநாளே அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு அந்த மென்பொருளை நீக்கும்படி எச்சரிக்கை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் வழியாக அதைத் துடைத்தெறியத் தொடங்கியது. நிறுவனமும் பின்னர் குரலை மாற்றிக்கொண்டு, நீக்குவதற்கென்றே ஒரு கருவியை வெளியிட்டது.

வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளலாமே என்பது இந்த வழக்கத்தை ஆதரிப்பவர்களின் முதல் வாதம். சூப்பர்ஃபிஷை வழக்கமான முறையில் நீக்கியவர்களுக்கு விளம்பரங்கள் நின்றன. மூலச் சான்றிதழ் மட்டும் பட்டியலில் அப்படியே தங்கிவிட்டது. ஆபத்து சான்றிதழில்தான் இருந்தது என்பதால், நீக்கிவிட்டோம் என்று நிம்மதியடைந்தவர்கள் நீக்காதவர்களைப் போலவே திறந்துகிடந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளில் ‘ஈடெல்ரூட்’ என்ற சான்றிதழ் வெளிப்பட்டது. இதிலும் திறவுகோல் கணினிக்குள்ளேயே இருந்தது. சான்றிதழை மட்டும் அழித்தால், துணைநிரல் ஒன்று அதை மீண்டும் நட்டுவிட்டது. டெல் இதை விளம்பரத்துக்காக வைக்கவில்லை. வாடிக்கையாளர் உதவி கேட்டு வரும்போது அவருடைய கணினி எது என்று கண்டுகொள்வதற்காக வைத்ததாகச் சொன்னது. நோக்கத்தில் தீமை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். திறந்துகிடந்த வாசல் அதனால் சிறிதாகிவிடவில்லை.

நம் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து, ஃபார்மட் போட்டுப் புதிதாக ஓ.எஸ். ஏற்றுவது. அதுவும் எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, மதர்போர்டில் உள்ள பயாஸிலிருந்தே ஒரு நிரலை விண்டோஸுக்குள் தள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்திருக்கிறது. திருட்டுப்போன கணினியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், வட்டை அழித்தாலும் தப்பிப்பிழைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். லெனோவோ அந்த வழியைத் தன் ‘சர்வீஸ் இன்ஜின்’ என்ற நிரலுக்குப் பயன்படுத்தியது. வட்டை முழுக்க அழித்து, கடையில் வாங்கிய சுத்தமான விண்டோஸை ஏற்றியவர்களின் கணினியிலும் லெனோவோவின் மென்பொருள் தானாக முளைத்தது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினாலும் அஸ்திவாரத்துக்குள் இருந்து பழைய ஆள் எழுந்து வருவதைப் போன்ற நிலை. இது வெளியே தெரிந்தது 2015 ஆகஸ்டில். அதே ஆண்டு பிப்ரவரியில்தான், இனி எங்கள் கணினிகள் தூய்மையாக, பாதுகாப்பாக இருக்கும் என்று அந்த நிறுவனம் உறுதி கொடுத்திருந்தது. இந்தக் கணினிகள் பல அந்த உறுதிமொழிக்கு முன்பே ஆலையிலிருந்து வந்தவை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் சூப்பர்ஃபிஷுக்காக மன்னிப்புக் கேட்டவர்கள், பயாஸில் இருந்ததைப் பற்றி அப்போது வாய் திறக்கவில்லை. ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்த பிறகே அதை நீக்கும் புதிய பயாஸ் வெளியானது.

லெனோவோவின் இந்த இரண்டு விவகாரங்களிலும் போதிய கவனம் பெறாத ஒரு விவரம் உண்டு. சூப்பர்ஃபிஷ் திங்க்பேட் கணினிகளில் இல்லை. சர்வீஸ் இன்ஜினும் இல்லை. இதை லெனோவோவே ஆறுதல் செய்திபோலச் சொன்னது. திங்க்பேட் என்பது பெருநிறுவனங்களும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் மொத்தமாக வாங்கும் வரிசை. அங்கே கணினித் துறை என்று ஒன்று இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராயும். பிடிக்காவிட்டால் அடுத்த கொள்முதலைப் போட்டி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்காக ஒரே ஒரு கணினி வாங்கும் குடும்பத்துக்கு இந்தப் பலம் எதுவும் இல்லை. ஆக, சுத்தமான கணினியை விற்பது தொழில்நுட்ப ரீதியாகவோ வணிக ரீதியாகவோ முடியாத காரியம் அல்ல. தட்டிக் கேட்கக்கூடியவருக்கு அது கிடைக்கிறது. கேட்க முடியாதவருக்குக் கிடைப்பதில்லை. இலவச மென்பொருள் என்ற பெயரில் நடப்பது இந்தப் பாகுபாடுதான்.

விலைக் குறைப்பு என்பது இதைவிட வலுவான வாதம். மடிக்கணினி விற்பனையில் லாபம் மெல்லியது, விளம்பர மென்பொருள் தரும் பணம்தான் விலையை ஏறாமல் வைத்திருக்கிறது, அதை நிறுத்தினால் பாதிக்கப்படுவது ஏழை வாடிக்கையாளர்தான் என்கிறார்கள். பொதுவாக இதை ஒரேயடியாக மறுக்க முடியாது. ஆனால் சூப்பர்ஃபிஷ் ஏற்பாடு தங்களுக்கு நிதி அளவில் முக்கியமானதல்ல என்று லெனோவோவே சொன்னது. அற்பப் பணத்துக்கு இத்தனை பேரின் பூட்டை உடைத்தார்கள் என்பதை ஒரு தற்காப்பாகச் சொல்ல முடியும் என்று அவர்கள் நினைத்ததே வியப்பு. தள்ளுபடி உண்மையிலேயே வாங்குபவருக்குப் போகிறது என்றால் அதை வெளிப்படையாகச் செய்ய வழி இருக்கிறது. அமேசான் தன் கிண்டில் வாசிப்புக் கருவியை விளம்பரத்தோடு ஒரு விலைக்கும், விளம்பரம் இல்லாமல் 20 டாலர் கூடுதலாகவும் விற்றது. எது வேண்டும் என்பதைப் பணம் கொடுப்பவர் முடிவுசெய்தார். 2008-இல் சோனி தன் வையோ வரிசை ஒன்றில் இதற்கு நேர்மாறாக ஒரு முயற்சி செய்தது: தானே ஏற்றிய வேண்டாத மென்பொருளை ஏற்றாமல் கொடுக்க சுமார் 50 டாலர் கட்டணம். எதிர்ப்புக் கிளம்பியதும் கட்டணத்தைக் கைவிட்டது. இரண்டிலும் விலை வெளியே தெரிந்தது. தெரிந்ததால்தான் ஒன்றை மக்கள் ஏற்க முடிந்தது, மற்றொன்றை எதிர்க்க முடிந்தது. மறைத்து வைத்த விலையை எதிர்க்க யாராலும் முடியாது.

தயாரிப்பாளரின் மென்பொருள் எல்லாமே குப்பை என்று சொல்வதும் சரியல்ல. டிரைவர்கள் வேண்டும், பயாஸில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் வழி வேண்டும், பேட்டரி பராமரிப்புக் கருவி பலருக்கும் உதவுகிறது. இவற்றைத் தடைசெய்யக் கோருபவர்கள் பாதுகாப்பைக் குறைக்கவே கோருகிறார்கள். ஆனால் பயனுள்ள மென்பொருளும் ஆபத்தான மென்பொருளும் இரு வேறு கூட்டங்கள் அல்ல. டுவோ என்ற பாதுகாப்பு நிறுவனம் 2016-இல் ஏசர், ஏசூஸ், டெல், எச்.பி., லெனோவோ ஆகிய ஐந்தின் புதுப்பிப்புக் கருவிகளை ஆராய்ந்தது. கணினியை முழுதாகக் கைப்பற்ற இடம்தரும் ஓட்டை ஒன்றாவது ஐந்திலும் இருந்தது. 2018-இல் ஏசூஸின் லைவ் அப்டேட் கருவிக்குள் ஊடுருவியவர்கள், நிறுவனத்தின் அசல் கையொப்பத்தோடும் அதன் சொந்த சர்வரிலிருந்தும் நச்சு நிரலை அனுப்பினார்கள். அவர்கள் குறிவைத்தது சுமார் 600 கணினிகளை மட்டுமே. ஆனால் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களில் மட்டுமே 57,000-க்கும் மேற்பட்டோர் அதை ஏற்றியிருப்பதைக் கண்டது. டெல்லின் சப்போர்ட் அசிஸ்ட் கருவியோடு இணைந்த பயாஸ் வசதியில் 2021-இல் வெளிப்பட்ட ஓட்டைகள் நூற்றுக்கும் மேற்பட்ட மாடல்களைத் தொட்டன. சூப்பர்ஃபிஷ் பழங்கதை, நிலைமை சீராகிவிட்டது என்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். அப்பட்டமான விளம்பரச் செருகல் குறைந்தது உண்மை. உயர் அதிகாரத்தோடு, கவனக்குறைவாக எழுதப்பட்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் ஓடும் நிரல்கள் குறையவில்லை. தேவையான கருவிகளே இவ்வளவு ஆபத்தைச் சுமக்கும்போது, தேவையற்றவற்றை அவற்றின் மேல் அடுக்குவதற்கு நியாயம் எங்கே இருக்கிறது?

சட்டம் இதுவரை என்ன செய்தது? அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2017 செப்டம்பரில் லெனோவோவோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. உடன் நின்ற 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர். விளம்பரம் செருகும் மென்பொருளை இயக்குவதற்கு முன் பயனரின் வெளிப்படையான ஒப்புதல். 20 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திட்டமும் வெளியாரின் தணிக்கையும். ‘ஒப்புதல்’ என்பது ஏன் அவ்வளவு அழுத்தமாக வந்தது என்பதற்கு ஆணையத்தின் புகாரிலேயே விடை உண்டு. முதன்முறை ஒரு வணிகத் தளத்துக்குப் போகும்போது ஒரு சிறு சாளரம் தோன்றும்; அதை மூடினால் சம்மதம் என்று கொள்ளப்படும்; மறுக்கும் இணைப்பு கண்ணில் படாத அளவுக்குச் சிறிது. ஆனாலும் இந்த உத்தரவு ஒரு நிறுவனத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, விண்டோஸ் 11-லிருந்து மைக்ரோசாஃப்டின் சொந்த எட்ஜ் பிரவுசரையே நீக்கிவிடலாம். மற்ற நாடுகளில் அந்த வசதி தரப்படவில்லை. திங்க்பேட் விஷயத்தில் கண்ட அதே பாடம்: முடியும், கேட்பவருக்கு மட்டும்.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்பு உத்திகளைத் தடைசெய்கின்றன. கேட்காததைத் திணிப்பதும், மறுக்கும் பொத்தானை ஒளித்துவைப்பதும் அதில் அடங்கும். முன்கூட்டியே ஏற்றப்படும் மென்பொருள் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு விளக்கக் குறிப்பு போதும். அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்காக லட்சக்கணக்கில் மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்திருக்கிறது. தனி வாடிக்கையாளருக்கு இல்லாத பேரம் பேசும் பலம் அந்த டெண்டருக்கு உண்டு. ஓ.எஸ்., டிரைவர், பயாஸ் புதுப்பிப்பு ஆகியவற்றைத் தவிர ஆலையில் ஏற்றப்படும் ஒவ்வொரு மென்பொருளின் பெயரையும் அதன் சான்றிதழ்களையும் தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டும்; முதல் இயக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மாணவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்; பயாஸிலிருந்து எதுவும் தானாக ஏறக் கூடாது என்று அதில் எழுதலாம். இவற்றைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலும் சில கணினிகளை எடுத்து, வட்டை அழித்து, சுத்தமான விண்டோஸை ஏற்றி, இணையத்தில் இணைத்து ஒரு நாள் விட்டுவைத்துப் பார்த்தால் போதும்.