மிளகுத் தண்ணீரும் நம் கைகளும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. புனே காம்ப் பகுதியில் ஓர் உணவு விடுதிக்குள் நண்பர்கள் நால்வர் நுழைந்தோம். மூவர் தமிழர், ஒருவர் மராத்தியர். உணவுப் பட்டியலைப் பார்த்த மராத்திய நண்பர், “முல்லிகட்டானி என்று போட்டிருக்கிறதே, அது என்ன?” என்று கேட்டார்.

எங்கள் மூவர் மார்பும் ஒருசேர விரிந்தன. “அது எங்கள் சொல்! மிளகுத் தண்ணீர்!” என்றோம்.

பெருமை பொய்யன்று. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, தமிழின் மிளகுத் தண்ணீரே அச்சொல்லின் மூலம் என்று கூறுகிறது. அதற்கும் முன்பே, 1878-இல் சென்னையில் வெளியான தம் சமையல் நூலில் கென்னி-ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் வீட்டு மிளகு ரசம் வெள்ளையர் மேசைக்கு ஏறியபோது, அதில் கோழி சேர்ந்தது, தேங்காய்ப்பால் சேர்ந்தது, தெளிநீராய் இருந்தது குழைந்த சூப்பாயிற்று. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கிலேயருக்கு ‘மல்’ என்றே கேலிப்பெயர் விழுந்தது. பம்பாய் மாகாணத்தாருக்கோ ‘டக்’ என்று பெயர். அது ‘பம்பாய் டக்’ எனப்படும் பொம்பில் கருவாட்டால் வந்தது என்பர். ஆக, கருவாட்டு மாகாணத்திற்கு வந்து சேர்ந்த மிளகுத் தண்ணீர்க்காரர்கள் நாம்!

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லி முடித்தோம். பொறுமையாகக் கேட்ட அவர் ஒரே கேள்வி கேட்டார்: “சரி, உங்களுள் யாருக்கு அதைச் செய்யத் தெரியும்?”

மூவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. நான் நாமக்கல் பக்கத்திலிருந்து வேதியியல் முதுகலை படிக்க இங்கு வந்தவன். கட்கியில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அக்கா மருத்துவமனையில் செவிலி. மாமா தொழிற்சாலையில் வேலை. அக்காள் மகள் மூன்றாம் வகுப்பு. அன்று நான் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. அக்கா அப்போதுதான் வந்திருந்தாள். நனைந்த குடை வாசலில் கிடந்தது. தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் அடுப்பின்முன் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். “பசிக்குதா தம்பி? இதோ ஆயிடும்” என்றாள். மாமா செய்தித்தாளில் இருந்தார். நான் என் குறிப்பேட்டில் இருந்தேன். ஓராண்டாக ஒவ்வொரு நாளும் கண்ட காட்சிதான். அன்றுதான் என் கண்ணில் பட்டது.

பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் குடுவையைச் சூடாக்குகிறேன், கலக்குகிறேன், வடிகட்டுகிறேன், ஒரு துளி கூடாமல் குறையாமல் அளக்கிறேன். இவ்வளவும் செய்யும் கைக்கு வீட்டு அடுப்பு மட்டும் ஏன் எட்டாமற் போயிற்று?

இஃது என் வீட்டுக் கதை மட்டும் அன்று. இந்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு சொல்கிறது: ஊதியமின்றித் தம் வீட்டு வேலையைச் செய்வோருள், பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் உழைக்கிறார், ஆண் ஒருவர் 88 நிமிடம். அந்த 88-உம் அவ்வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். கைவைக்காதவர் அந்தச் சராசரியில் இடம்பெறவே இல்லை. நானும் அப்படி இடம்பெறாதவனாகவே இருந்தேன்.

நிற்க. மறுவாரம் நானே மிளகுத் தண்ணீர் வைத்தேன். முதல் முயற்சி தோல்வி. அவசரத்தில் தேங்காய்ப்பாலையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒன்றாக ஊற்றிக் கொதிக்கவிட்டேன். பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. “மாமா, இது தயிர் ரசமா?” என்று கேட்டாள் அக்காள் மகள். வேதியியல் மாணவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? தேங்காய்ப்பால் என்பது நீரில் பரவி நிற்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகள். அத்துளிகள் ஒன்றோடொன்று கூடிவிடாமல் காப்பவற்றுள் புரதமும் ஒன்று. கடுங்கொதிப்பும் புளிப்பும் அந்தப் புரதத்தைத் திரளச் செய்கின்றன. தேர்வுத் தாளில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அடுப்படியில்தான் கற்றேன்.

இப்போது தவறுவதில்லை. முறையைச் சொல்கிறேன், நண்பர்கள் குறித்துக்கொள்க. நால்வருக்கு எலும்போடு கூடிய கோழி அரைக் கிலோ போதும். காம்ப் சிவாஜி மார்க்கெட்டிலும் கிடைக்கும், தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். ஒரு கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல், ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்குக. கோழி, மூன்று மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, மஞ்சள், உப்பு, ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விடுக. காலையிலேயே ஒன்றரைத் தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சீரகமும் பொடித்து வைத்துவிட்டால் மாலை வேலை குறையும். ஆவி அடங்கியதும் இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்துப் போட்டு, பருப்பை மசித்து, பொடியைத் தூவி ஐந்து நிமிடம் கொதிக்க விடுக. பிறகு தீயைத் தணித்து, அரைக் கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கலக்கி இறக்கிவிடுக. எலுமிச்சையை அவரவர் கிண்ணத்தில் பிழிந்துகொள்ளட்டும்.

எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் வெந்து ஜெலட்டினாகி நீருக்கு உடல் தருகிறது. பருப்பின் மாவுச்சத்து குழைவு தருகிறது. தேங்காய்ப்பால் மென்மை தருகிறது. வெண்ணெயும் வேண்டாம்; மைதாவும் வேண்டாம். அடுப்பு பற்றவைத்ததிலிருந்து முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடியும். சோற்றிலும் ஊற்றலாம், புனேயின் பாவ் ரொட்டியையும் தோய்க்கலாம். கோழி உண்ணாத நண்பர்கள் பருப்பை இரட்டிப்பாக்கிக் காய்கறி சேர்த்துக்கொள்க.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. “படிப்பே தலைக்குமேல் இருக்கிறது, நேரம் எங்கே?” என்பர். நேரம் அக்காவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளிடையே நின்றுவிட்டு வருபவளைவிட, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வரும் நான் களைத்தவனா? “அஃது ஆண்களின் வேலையன்று” என்பாரும் உளர். திருமண வீட்டில் அண்டா முன் நிற்பவர் யார்? உணவு விடுதியின் அடுப்பில் வேகிறவர் யார்? பெரும்பாலும் ஆண்களே அல்லரோ! கூலி கொடுத்தால் ஆணின் கைக்கு இசைகிற கரண்டி, வீட்டில் மட்டும் இசையாதாம். “விடுதியிலிருந்து வரவழைத்தால் போயிற்று” என்பது மூன்றாவது மறுப்பு. மாதத்தில் ஒருநாள் சரி; நாள்தோறும் அதற்குக் கொடுக்க நம்மில் எத்தனை பேர் கையில் பணம் இருக்கிறது?

கோழிச் சூப் சளிக்கு மருந்து என்பார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ரென்னார்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் சோதித்து, 2000-இல் முடிவை வெளியிட்டனர். வெள்ளையணுக்களுள் ஒருவகை, இச்சூப்பின் முன் தம் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டதாம். ஆனால் அது சோதனைக்கூடத்தில் கண்டது. மனித உடலில் அன்று. ஆகவே மருந்து என்று நான் சாதிக்க மாட்டேன். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் முறை வைத்த அன்று, அக்கா வீட்டுக்குள் வந்தாள். மிளகு மணத்தை முகர்ந்தாள். பையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வந்தவுடன் உட்கார்ந்து நான் அன்றுவரை பார்த்ததில்லை. கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உப்பு கொஞ்சம் கம்மி தம்பி” என்றாள்.

இப்போது வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் என் முறை. ஞாயிறு மாமா முறை. அவர் இன்னும் வெங்காயத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார்.

தமிழ் மாணவ நண்பர்களே! நம் சங்கக் கூட்டங்களில் தமிழின் பெருமையை நிறையப் பேசுகிறோம். பேசுவோம், அதில் குற்றமில்லை. ஆனால் உலக அகராதியில் ஏறிய மிளகுத் தண்ணீரை இத்தனை தலைமுறை காத்து வந்தவை மேடையில் பேசிய வாய்கள் அல்ல. அடுப்படியில் வெந்த கைகள். அக்கைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலையேனும் ஓய்வு கொடுத்துவிட்டு, பிறகு பெருமை பேசுவோம். விடுதியில் இருப்போர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தொடங்கலாம். வீட்டில் இருப்போர் இன்று இரவே தொடங்கலாம்.

உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள்.